மகளின் ரேங்க் குறைந்ததும் தன்னம்பிக்கையும் போய்விட்டது: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தாள். ஒவ்வொரு தேர்விலும் முதல் ரேங்க். ஒன்பதாம் வகுப்புக்கு வேலூரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலவழியில் சேர்த்தார்கள். காலாண்டுத் தேர்வில் 46 பேரில் 31-வது ரேங்க். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் ரேங்க் வாசிக்கப்பட்ட நாளிலிருந்து, "எனக்கு ஒன்றும் வராது, நான் மக்கு" என்கிறாள். பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தந்தை கடன் வாங்கித்தான் கட்டணம் கட்டியிருக்கிறார். ரேங்க் ஒரு பிள்ளையின் சுயமதிப்பை இந்த அளவுக்குக் குலைக்குமா, பழையபடி ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

அம்மா, குலைக்கும். ஆனால் அது ரேங்க் என்ற எண் தனியாகச் செய்யும் வேலை இல்லை. அந்த எண்ணை யார், எங்கே, எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதில்தான் பெரும்பங்கு இருக்கிறது. அதனால் உங்களால் மாற்ற முடிந்ததும் நிறைய இருக்கிறது. வேலூர் மாவட்டப் பள்ளிகளில் நீண்ட காலம் கணக்குப் பாடம் நடத்தியவன், பிறகு இளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ஜூன் மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில் அவள் அறிவு குறைந்துவிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாறிவிட்டார்கள். பாடம் நடக்கும் மொழி மாறிவிட்டது. தமிழில் "ஒளிச்சேர்க்கை" என்று படித்து, படம் வரைந்து, பாகம் குறித்த பிள்ளை அதே பாடத்தை இப்போது இன்னொரு மொழியில் கேட்டு, அந்த மொழியிலேயே எழுத வேண்டியிருக்கிறது. எல்.கே.ஜி. முதல் ஆங்கிலவழியில் படித்த பிள்ளைகளோடு சேர்த்து வரிசைப்படுத்தியபோது 31 என்று வந்திருக்கிறது. அவளுக்குப் பாடம் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா, பதில் தெரிந்தும் எழுத வார்த்தை வரவில்லையா என்பதை அந்த எண் சொல்லாது. நம் மாவட்டத்தில் இது முக்கியமான விஷயம். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் குடியாத்தம் பக்கத்து ஆந்திர எல்லை ஊர்களில் இருக்கிறார்கள். பேரணாம்பட்டில் உருது பேசும் பிள்ளைகள் நிறைய. வீட்டில் ஒரு மொழி, ஊரில் ஒரு மொழி, பாடப்புத்தகத்தில் இன்னொரு மொழி என்று மூன்றைச் சுமந்துகொண்டு வரும் பிள்ளையும், ஒரே மொழியோடு வரும் பிள்ளையும் ரேங்க் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து எண்களாக மட்டுமே தெரிவார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். ஒரே திறமையுள்ள இரண்டு மாணவர்களில் ஒருவன் சாதாரணப் பள்ளியிலும் இன்னொருவன் கெட்டிக்காரர்கள் மட்டும் நிறைந்த பள்ளியிலும் படித்தால், இரண்டாமவன்தான் தன்னைப் படிப்பில் தாழ்வாக மதிக்கிறான். சின்னக் குளத்தில் பெரிய மீனாக இருந்த பிள்ளை, பெரிய குளத்துக்கு வந்ததும் தன்னைச் சின்ன மீன் என்று நினைக்கிறது; ஆய்வுக்கே அப்படித்தான் பெயர். 2003-ல் மார்ஷும் கிட்-டாய் ஹௌவும் வெளியிட்ட ஆய்வில் 26 நாடுகளைச் சேர்ந்த, 15 வயதையொட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தகவல்கள் இருந்தன. பண்பாடு வேறு, பாடத்திட்டம் வேறு, போக்கு ஒன்றுதான். ஆகவே உங்கள் மகள் மனம் உடைந்திருப்பது அவளுடைய பலவீனம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்தில் எந்தப் பிள்ளையை வைத்தாலும் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

இதே ஆய்வுகளில் நம் வீடுகளுக்கு மிகவும் தேவையான இன்னொரு செய்தி உண்டு. இப்படிச் சரிவது முக்கியமாகப் "படிப்பில் நான் எப்படி" என்ற எண்ணம்தான். "மனுஷியாக நான் எப்படி" என்ற மொத்தச் சுயமதிப்பு அவ்வளவாக ஆடுவதில்லை. மாரிஸ் ரோசன்பெர்க் 1965-ல் உருவாக்கி, இன்றும் உலகெங்கும் பயன்படும் பத்து வாக்கியச் சுயமதிப்பு அளவுகோல் இந்த இரண்டாவதைத்தான் அளக்கிறது. அதில் மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. எனக்கும் மற்றவர்களைப் போல மதிப்பு உண்டா, என்னைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருக்கிறதா என்ற மாதிரியான கேள்விகள்தான்.

அப்படியானால் ரேங்க் எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது? "கணக்கு வரவில்லை" என்பது எப்போது "நான் மக்கு" ஆகிறது? அந்தப் பாலத்தைக் கட்டுபவர்கள் பெரியவர்கள். பள்ளியில் கொஞ்சம், வீட்டில் கொஞ்சம்.

பள்ளியில் கட்டப்படுவது கண்ணுக்குத் தெரியும். ரேங்க் வரிசையில் பெயரைக் கூப்பிட்டு விடைத்தாள் கொடுப்பார்கள். கடைசிப் பத்துப் பேர் தலைகுனிந்து போய் வாங்குவார்கள். ரேங்க் வரிசையிலேயே பெஞ்ச் மாறும். மதிப்பெண் பார்த்து ஏ செக்ஷன், டி செக்ஷன் என்று பிரிப்பார்கள். நல்ல ஆசிரியர் ஏ செக்ஷனுக்குப் போவார். "மெல்லக் கற்போர்" என்று பட்டியல் போட்டு, மாலையில் அவர்களை மட்டும் நிறுத்தி வைப்பார்கள். கூடுதல் பயிற்சி தேவையான ஒன்றுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரேயரில் பெயர் வாசித்து நிறுத்திவைப்பதும், ஆசிரியர் தனியாக அழைத்து "இந்தப் பகுதியை நாம் சேர்ந்து பார்ப்போம்" என்பதும் பிள்ளையின் மனத்தில் ஒரே மாதிரி இறங்காது. 13, 14 வயதில் சக மாணவர்களின் பார்வைதான் உலகம். அந்த வயதில் பலர் முன்னிலையில் வாங்கிய அவமானத்தை 40 வயதிலும் சொல்லிக் கலங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் கட்டப்படுவது அன்பின் பெயரால் நடக்கிறது. "உனக்காகத்தான் இவ்வளவு கடன்", "உன் சித்தப்பா மகள் எத்தனையாவது ரேங்க் தெரியுமா", "வேலூர் வரைக்கும் பஸ் ஏற்றி அனுப்புகிறோமே". சொல்கிறவர் மனத்தில் கெட்ட எண்ணம் துளியும் இருக்காது. ஆனால் பிள்ளைக்குக் கேட்பது வேறு: இந்த வீட்டில் என் இடம் என் ரேங்கைப் பொறுத்தது. தன் மதிப்பை எந்தத் துறையில் ஒருவர் பணயம் வைக்கிறாரோ, அந்தத் துறையின் தோல்விதான் அவரை ஆழமாக வெட்டும் என்று ஜெனிஃபர் க்ராக்கர் போன்ற உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகள் எட்டாம் வகுப்பு வரை "முதல் ரேங்க் பிள்ளை" என்றே ஊரில் அறியப்பட்டவள். இந்த மூன்று மாதத்தில் அவள் இழந்தது மதிப்பெண் மட்டும் இல்லை. ஊர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெயரையே இழந்திருக்கிறாள்.

இங்கே மதிப்பெண்ணையும் ரேங்கையும் பிரித்துப் பேச வேண்டும். நான் மதிப்பெண்ணுக்கு எதிரி இல்லை. 500-க்கு 310 என்றால் பாடத்தில் எவ்வளவு பிடிபட்டது என்பதற்கு அது ஓரளவு நேர்மையான தகவல். ரேங்க் அதில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. பல நேரம் மறைக்கிறது. ஒரு வகுப்பில் பாதிப் பேர் 300-க்கும் 340-க்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். அங்கே ஆறு மதிப்பெண் குறைந்தால் மூன்று நான்கு ரேங்க் இறங்கிவிடும். மேலே, முதல் ரேங்குக்கும் இரண்டாம் ரேங்குக்கும் நடுவில் 20 மதிப்பெண் இருந்தாலும் அது ஒரு படிதான். இன்னொன்று: வகுப்பில் 46 பேரும் அரையாண்டில் ஆளுக்கு 40 மதிப்பெண் உயர்ந்தால், யாருடைய ரேங்கும் மாறாது. அத்தனை பிள்ளைகளின் உழைப்பும் பட்டியலில் காணாமல் போகும்.

இதற்கு வேலூர்க்காரர்கள் வெளியே போய் உதாரணம் தேட வேண்டாம். 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வேலூர் மாவட்டத்தின் தேர்ச்சி 82.07 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. 2025-ல் 85.44 சதவீதம், மறுபடியும் கடைசி. அதே காலத்தில் மாநிலச் சராசரி 91.55-லிருந்து 93.80 ஆனது. மாநிலம் இரண்டேகால் புள்ளி உயர்ந்தபோது வேலூர் மூன்று புள்ளிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. மாநிலத்தைவிட வேகமாக முன்னேறிய மாவட்டம் அது. ஆனால் செய்தியில் வந்தது "வேலூர் கடைசி இடம்" என்பதுதான். ஒடுகத்தூரிலும் பேரணாம்பட்டிலும் மாலை ஆறு மணி வரை பிள்ளைகளோடு உட்கார்ந்த ஆசிரியர்களுக்கு அந்தத் தலைப்பு என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். படித்த, வளர்ந்த பெரியவர்களையே சோர வைக்கும் விஷயத்தை நாம் 14 வயதுப் பிள்ளையிடம் மாதத்துக்கு ஒரு முறை செய்கிறோம். அதோடு, மாவட்டத்தின் மேல் விழும் அழுத்தம் அங்கேயே நிற்பதில்லை. ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்கப்படும் கேள்வி வகுப்பாசிரியருக்கு வருகிறது. அவரிடமிருந்து கடைசி பெஞ்சுக்கு வருகிறது.

தமிழ்நாடு அரசு 2017-ல் பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்ட அளவிலான ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. மாணவர்களிடையே ஆரோக்கியமற்ற போட்டியும் மன உளைச்சலும் வேண்டாம் என்பதற்காகத்தான். மிகச் சரியான முடிவு. ஆனால் பல பள்ளிகளின் வகுப்பறைக்குள் அந்த முடிவு வந்து சேரவில்லை. மாநிலத்தில் யார் முதலிடம் என்று அரசே சொல்லாதபோது, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் யார் 31-வது என்று உரக்கச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? படிப்புப் போட்டிக்குப் பெயர் போன சிங்கப்பூரிலேயே 2019 முதல் மாணவரின் முன்னேற்ற அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை அச்சிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ரேங்க் இல்லாவிட்டால் பிள்ளை எப்படிப் படிப்பான்? நாளைக்கு நீட், டி.என்.பி.எஸ்.சி. எல்லாமே ரேங்க்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். வேலைக்கோ மருத்துவ இடத்துக்கோ இருப்பது நூறு, வந்தவர் ஆயிரம் என்றால் வரிசைப்படுத்தாமல் முடியாது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கைப் புரிந்துகொள்வதற்கு இடப் பற்றாக்குறை எதுவும் இல்லை. 46 பேருக்கும் புரியலாம். ஊக்கம் விஷயத்தில், ரேங்க் ஊக்குவிப்பது பெரும்பாலும் முதல் சில பேரைத்தான். இங்கிலாந்தில் ரிச்சர்ட் மர்ஃபி, ஃபெலிக்ஸ் வைன்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப் பள்ளியில் ஒரே மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில், தன் வகுப்பில் மேல் இடத்தில் இருந்தவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் நன்றாகப் படித்ததும், கீழ் இடத்தில் இருந்தவர்கள் பின்தங்கியதும் தெரிந்தது. மதிப்பெண் ஒன்றுதான், வகுப்பில் எங்கே நின்றோம் என்ற நினைப்பு ஆண்டுக்கணக்கில் கூடவே போயிருக்கிறது. முன்னால் நிற்பவருக்குக் கிடைக்கும் தெம்பு பின்னால் நிற்பவரின் சோர்வோடு சேர்ந்தேதான் வருகிறது.

இன்னொரு ஆய்வை ஆசிரியர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்டது. மாணவர்களில் சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு "இங்கே இதைச் சரிசெய்" என்ற குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் வேலையும் மேலேறின. இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பின் பலன் கிடைக்கவில்லை. எண் வந்ததும் குறிப்பு கண்ணில் படவில்லை.

கடைசி வரிசைப் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நன்றாகப் படித்தும் 40-வது ரேங்க் வந்தால் "முட்டாள்" என்று ஆகும். படிக்காமல் 40-வது ரேங்க் வந்தால் "சோம்பேறி" என்றுதான் ஆகும். இரண்டில் எது குறைந்த அவமானம் என்று அந்தப் பையன் சரியாகவே கணக்குப் போடுகிறான், புத்தகத்தைத் தொடுவதில்லை. மார்ட்டின் கோவிங்டன் என்ற உளவியலாளர் இதைத் தன் மதிப்பைக் காத்துக்கொள்ளும் முயற்சி என்றே விளக்கினார். ஆசிரியர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார். அடுத்தது அரையாண்டுக்கு வராமல் போவது, பிறகு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவது. முதல் ரேங்க் பிள்ளைகளின் நிலையும் சுகமானது இல்லை. நோட்டை ஒளித்துவைப்பது, தெரியாததைக் கேட்கக் கூச்சப்படுவது, இரண்டாம் ரேங்குக்கு அழுவது என்று அவர்கள் பயத்திலேயே வாழ்கிறார்கள். உங்கள் மகள் அந்தப் பயத்தில் பல வருடம் இருந்திருப்பாள். நீங்கள் அதைப் பெருமையாக மட்டுமே பார்த்திருக்கலாம்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது.

"நீ மக்கு இல்லை, நீதான் கெட்டிக்காரி" என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். 14 வயதுப் பெண் அதை நம்பமாட்டாள். வெறும் புகழ்ச்சியால் சுயமதிப்பை ஏற்றினால் படிப்பு தானாக உயரும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. ராய் பௌமைஸ்டர் குழுவினர் 2003-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அப்படித்தான் எழுதினார்கள். அவளுக்கு வேண்டியது ஆதாரம். ரேங்க் கார்டை ஓரமாக வையுங்கள்; ஐந்து பாட விடைத்தாள்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. அவளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உனக்குப் பதில் தெரியுமா, ஏன் மதிப்பெண் போனது? பாடம் தெரியாதது, கேள்வி புரியாதது, தெரிந்தும் எழுத வராதது, நேரம் போதாதது என்று நான்காகப் பிரித்து அவளே பென்சிலால் குறிக்கட்டும். தமிழ்வழியிலிருந்து மாறிய பிள்ளைகளில் பலருக்கு இழந்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். "எனக்கு ஒன்றும் வராது" என்பது "அறிவியலில் ஆங்கிலச் சொற்கள் வரவில்லை" என்று சுருங்கும்போது அதற்கு வழி செய்ய முடியும். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் எழுதிவரட்டும். பாடநூல்கள் இரண்டு வழிகளிலும் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம்.

தந்தையிடம் நீங்கள் பேச வேண்டும். கட்டணம் பற்றிய பேச்சு பிள்ளையின் காதில் விழாமல் இருக்கட்டும். மாலையில் முதலில் கேட்பது தேர்வு பற்றிய கேள்வியாக இல்லாமல், யாரோடு சாப்பிட்டாய், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று தொடங்கட்டும். புதிய பள்ளியில் ஒரு தோழிகூட இல்லாத பிள்ளைக்கு ரேங்க் இரண்டு மடங்கு வலிக்கும். அவள் நன்றாகச் செய்யும் வேறு ஒன்று கட்டாயம் இருக்கும்: கோகோ, தையல், தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, எதுவோ. படிப்பு நேரம் போய்விடும் என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள், சண்டைக்கு வேண்டாம். "ரேங்க் எனக்கு வேண்டாம் சார், எந்தப் பாடத்தில் எது வரவில்லை என்று சொல்லுங்கள்; அவள் ரேங்கை வகுப்பில் வாசிக்காமல் அவளிடம் மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நம்மைப் போன்றவர்கள் பெரிய பள்ளியில் இப்படிக் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். பெற்றோர் கேட்டால் செய்யக்கூடிய ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, பிடித்ததிலும் நாட்டமில்லை, பள்ளி நாளில் வயிற்றுவலி தலைவலி என்று நிற்கிறாள், அல்லது "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற மாதிரி ஒரு சொல் ஒரே முறை வந்தாலும், அதை ரேங்க் வருத்தம் என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கே பேசுங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்பது டெலி மனஸ் மனநல உதவி எண்; இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கிறது. அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்ற யோசனை வேண்டாம்.

பள்ளியை மாற்றுவது பற்றி. ரேங்குக்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்டின் நடுவில் திரும்பி வந்தால், "என்னால் அங்கே முடியவில்லை" என்ற முடிவை நாமே அவளுக்கு எழுதிக் கொடுத்தது போலாகும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீட்டுக்காகத் திரும்பலாமே என்று யாராவது சொன்னால், அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. அந்தக் காரணம் இனி பொருந்தாது. ஆனால் தமிழில் படித்தால் மலரும் பிள்ளை என்று தெரிந்தால், பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியில் எழுதுவதில் எந்தக் குறையும் கிடையாது. அதை ஆண்டு இறுதியில் அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அரையாண்டு விடைத்தாள்கள் வந்ததும் காலாண்டுத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த நான்கு வகைக் குறிகளையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். கேள்வி புரியாததும் எழுத வராததும் குறைந்திருந்தால், அவள் ரேங்க் 31 ஆகவே இருந்தாலும் அங்கேயே படிக்கட்டும். அவை அப்படியே இருந்து, பிள்ளையின் முகமும் வாடியே இருந்தால், ஜூனில் ஊர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் தயக்கமில்லாமல் சேர்த்துவிடுங்கள்.